பால் கொடுத்ததும் பொய் சொன்னதும்

மரியே வாழ்க

8-12-1968, ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் செபமாலைக்கு உன் அம்மா எழுதுவது. வடக்கே பிலாயில் குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய், நீ நெஞ்சுச் சளி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் தம்பி சந்தியாகுவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ஐப்பசி மழை இந்த வருஷம் பேருக்குத்தான் பெய்தது, கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, கடலைச் செடி வாடி நிற்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய கம்பளித் துணி வந்து சேர்ந்தது, அதில் தம்பிக்குச் சட்டை தைத்துவிட்டேன். உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. பதில் போடாததற்கு வேலை காரணமில்லை. மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடுப்பில் போட்டேன். இன்று மாதா திருநாள், பூசை பார்த்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இதை எழுதி முடிக்காமல் எழுந்திருப்பதில்லை. இன்லண்டு தாளில் இடம் போதாது என்று நோட்டுத் தாளில் எழுதிக் கவரில் வைத்து அனுப்புகிறேன்.

புதுக்கோட்டை டாக்டர் அமராவதி அம்மாள் மேல் மறுபடியும் மனு எழுதி வைத்திருப்பதாகவும், அந்த அம்மாள் இனிமேல் எந்தப் பிள்ளை வாயிலும் மருந்து ஊற்ற முடியாதபடி செய்யப்போவதாகவும் எழுதியிருந்தாய். தாயி, அந்த மனுவை அனுப்பாதே. அனுப்பிவிட்டிருந்தால் அது தப்பு என்று இன்னொரு கடிதம் உடனே போடு. ஏன் என்று நீ கேட்பாய். உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், அதைச் சொல்லி ஒன்பது மாசம் ஆகிறது. முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் என்னைப் பற்றி என்ன நினைக்க வேண்டுமோ நினைத்துக்கொள். இடையில் நிறுத்திவிடாதே.

தம்பி வயிற்றில் இருந்தபோதே எனக்கு உன் முன்னால் ஒரு கூச்சம் இருந்தது. இருபத்தோரு வயசில் நர்சு வேலை பார்க்கிற மகள் இருக்கும்போது தாய் பிள்ளை பெறுகிறாளே என்று ஊரில் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. உனக்குப் பின்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை, இதையாவது தங்க வைப்போம் அம்மா என்று எழுதினாய். அதைப் படித்துவிட்டு நான் அழுத அழுகை உனக்குத் தெரியாது. அதற்கப்புறம் வந்த உன் கடிதம் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளை இருக்கும். தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, தொப்புளில் சாம்பல் வைக்காதே, விளக்கெண்ணெய் புகட்டாதே என்று. எல்லாவற்றையும் செய்தேன். பிறகு தை மாசத்தில், இளம்பிள்ளை வாதம் வராமலிருக்க வாயில் ஊற்றுகிற சொட்டு மருந்து வந்திருக்கிறது, புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மா மதராஸிலிருந்து ஐஸ் பெட்டியில் வரவழைக்கிறார்களாம், விசாரித்துக் கூட்டிக்கொண்டு போ என்று எழுதினாய். கீழே இரண்டு கோடு போட்டு, மருந்துக்கு முன்னால் நாலு மணி நேரமும் பின்னால் நாலு மணி நேரமும் தாய்ப்பால் கொடுக்கவே கூடாது, கொடுத்தால் பாலில் இருக்கிற சத்து மருந்தைக் கொன்றுவிடும், எவ்வளவு அழுதாலும் காய்ச்சி ஆறின தண்ணீர் மட்டும்தான், இதில் நீ ஏமாற்றினால் மருந்து வீண் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், அதனால்தான் வார்த்தை மாறாமல் எழுத முடிகிறது.

நான் மட்டும் போகவில்லை. மேலத்தெரு இருளாயியையும் கூட்டிக்கொண்டு போனேன். நீ ஊரைவிட்டுப் போன பிறகு வாக்கப்பட்டு வந்தவள், உனக்குத் தெரியாது. உன் வயசுதான் இருக்கும், களையெடுக்கிற இடத்தில் பழக்கம், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவளுக்குத் தலைப்பிள்ளை, மூக்காயி என்று பெண் குழந்தை, தம்பிக்குப் பதினைந்து நாள் இளையவள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, உன் கடிதத்தை நான்தான் வாசித்துச் சொன்னேன். "ஒங்க மக நர்சு, அது சொன்னா சரியாத்தாங்க்கா இருக்கும், எம்புள்ளைக்கும் ஊத்திருவோம்" என்று கிளம்பினாள். மாசி மாசம் ஒரு புதன்கிழமை. காலையில் குளத்தூர் போய்ப் பஸ் பிடித்தோம். விடிந்ததிலிருந்து இரண்டு பேரும் பால் கொடுக்கவில்லை. பஸ்ஸிலேயே இரண்டு பிள்ளையும் ஆரம்பித்துவிட்டன. டாக்டரம்மா வீட்டு வாசலில் நம்மூர் ஆட்களையும் சேர்த்து இருபது முப்பது பேர். ஐஸ் பெட்டி திருச்சியிலிருந்து வர நேரமாகிவிட்டது, நாலு மணி நேரம் என்றது ஆறு மணி நேரமாயிற்று. கடைசியில் ரோஜா நிறத்தில் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டார்கள். தம்பி அழுத அழுகையில் பாதி கடைவாய் வழியாக வழிந்தது, திரும்ப ஊற்றினார்கள். டாக்டரம்மா எல்லாரையும் நிறுத்தி வைத்து, இன்னும் நாலு மணி நேரம் பால் வேண்டாம், இதே மாதிரி இன்னும் இரண்டு தடவை ஊற்ற வேண்டும், ஒரு தடவையோடு நின்றுவிடாதீர்கள் என்று சொன்னார்கள். அந்த இரண்டாவது சொல் எங்கள் காதில் ஏறவில்லை. பால் பேச்சு மட்டும்தான் ஏறியது.

பஸ் ஸ்டாண்டில் குளத்தூர் பஸ் இல்லை. வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். நல்ல வெயில். எனக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது, பிள்ளை வீறிடும்போதெல்லாம் தானாகச் சுரந்து ரவிக்கை நனைந்து சேலையும் நனைந்தது. தண்ணீரைப் புகட்டினால் துப்பினான். கொஞ்ச நேரத்தில் அழுகிற சத்தமே மாறிவிட்டது, தொண்டை கட்டி, வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. உனக்குப் பின்னால் பிறந்த சூசை இப்படித்தான் சத்தமில்லாமல் அழுது என் மடியிலேயே போனான். அது ஞாபகம் வந்ததும் என் கை ரவிக்கைக்குப் போய்விட்டது. இருளாயி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "அக்கா, குடுத்துராதீங்க. அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னுச்சுல்ல. இன்னும் செத்த நேரந்தான்" என்று கையைப் பிடித்தாள். அவள் பிள்ளையும் கதறிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, பிள்ளையை என்னமோ அடுத்தவள் பிள்ளை மாதிரி முழங்காலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னால் முடியவில்லை. டிக்கெட் கொடுக்கிற கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டேன். மருந்து ஊற்றி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவன் குடித்துவிட்டு அப்படியே தூங்கினான். திரும்பி வந்தபோது இருளாயி தூங்குகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பஸ் ஏறும்போது, "நா யாருட்டயும் சொல்லமாட்டேங்க்கா" என்றாள். இன்றுவரை சொல்லவில்லை.

அன்றைக்கு நேரத்தைக் கடைப்பிடித்தாயா என்று நீ கேட்டு எழுதியிருந்தாய், நான் அதற்குப் பதில் எழுதவில்லை. பங்குனியில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருந்தது. மூன்றாம் நாள் குளிப்பாட்டத் தூக்கினேன், வலது காலை உதைக்கிறான், இடது கால் ஈரத்துணி மாதிரி தொங்குகிறது. கிள்ளிப் பார்த்தேன், அழுகிறான், காலை மட்டும் இழுக்கவில்லை. அப்பா தோளில் போட்டுக்கொண்டு கீரனூருக்கு ஓடினார், அங்கிருந்து திருச்சி. அங்கே பெரிய டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டதும் அது பட்டென்று பாயில் விழுந்தது, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரமே உன் கடிதம் வந்தது. நாங்கள் அடித்த தந்தியைப் பார்த்துப் பதறி எழுதியிருந்தாய். அம்மா, உண்மையைச் சொல், பால் கொடுத்தாயா, எட்டு மணி நேரமும் கொடுக்காமல் இருந்தாயா, எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று. உன் எழுத்தைப் பார்த்தேன். அது என் மகளின் எழுத்தாகத் தெரியவில்லை, ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்போடு நின்று கேட்கிற ஒருத்தியின் கேள்வியாகத் தெரிந்தது. பயந்துவிட்டேன், தாயி. ஒரு சொட்டுப் பால்கூடக் கொடுக்கவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, அவருக்கும் அதையே வாசித்துக் காட்டினேன்.

பொய்யை எழுதிவிட்டேனே தவிர என் மனசு என்னை விடவில்லை. பிள்ளைக்கு என் கையால் நஞ்சு ஊட்டினேன் என்றே நினைத்தேன். அவனுக்கு நெஞ்சைக் கொடுக்கவே அருவருப்பாகிவிட்டது, என் உடம்பு மேல்தான். ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினேன், அது அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றால் போயிற்று. பாலை வற்ற வைக்க மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினேன். எனக்குப் பால் கட்டிக் குளிர் காய்ச்சல். அப்பா ஒன்றும் புரியாமல் நின்றார். இருளாயி ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தவள், தம்பியை எடுத்து மடியில் போட்டுத் தன் பாலைக் கொடுத்தாள். ஐந்து நாள், காலையும் மத்தியானமும் சாயங்காலமும் களத்து வேலையைப் போட்டுவிட்டு வந்து கொடுத்தாள். ஆறாம் நாள் அவனை என் மடியில் வைத்து, "போதும்க்கா. காலுதான் போச்சு, உசுராச்சும் நிக்கட்டும், குடுங்க" என்றாள். அதற்கப்புறம்தான் மறுபடி கொடுக்க ஆரம்பித்தேன். அவன் இன்று இருக்கிறான் என்றால் அவளால்தான்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். நான் எழுதிய பொய்யை நம்பி நீ சித்திரையில் டாக்டரம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டாய். எங்கள் அம்மா சொன்னபடி எட்டு மணி நேரம் பட்டினி போட்டார்கள், அப்படியும் பிள்ளைக்குக் கால் போனது என்றால் உங்கள் மருந்துதான் கெட்டுப்போயிருக்கிறது, ஐஸ் உருகிய மருந்தை ஊற்றியிருக்கிறீர்கள் என்று. அதன் நகலை மேலே இருக்கிற ஆபீசுக்கும் அனுப்பினாய். உன் மேல் தப்பில்லை, தம்பி மேல் இருந்த பாசத்தில் செய்தாய். இங்கே அப்பாவும் சும்மா இல்லை. "நல்லா ஒதச்சுக்கிட்டு இருந்த புள்ளைக்கு மருந்த ஊத்திக் கால முடக்கிப்புட்டாளுக" என்று கடைவீதியிலும் கோயில் வாசலிலும் சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் பால் கொடுத்ததைச் சொல்ல வேண்டி வரும். ஊர் ஊராகப் பேச்சுப் போய்விட்டது. இரண்டாவது தடவை மருந்து ஊற்ற நம் பக்கத்திலிருந்து ஒருத்தியும் போகவில்லை. வைகாசிக்குப் பிறகு ஐஸ் பெட்டி வருவதே நின்றுவிட்டது. மேலே இருந்து விசாரணை என்று சொல்லி நிறுத்திவிட்டார்களாம். நான் அதைக் கேட்டபோது நல்லதுதான் என்றுகூட நினைத்தேன். எல்லாரும் மருந்தைக் குறை சொல்கிறார்கள், என்னை யாரும் சொல்லவில்லை.

ஆவணி மாசம் ஒரு மத்தியானம் இருளாயி ஓடி வந்தாள். மூக்காயியைத் தோளில் போட்டிருந்தாள். "அக்கா, கை தூக்க மாட்டேங்குது, பாருங்களேன்" என்றாள். பார்த்தேன். வலது கை தோளிலிருந்து செத்துத் தொங்கியது. ஐந்தாறு நாள் காய்ச்சலில் கிடந்து பிழைத்தது, கை பிழைக்கவில்லை. செபமாலை, இதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதுவரை சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். அந்தக் கையைப் பார்த்த நிமிஷத்தில் என் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. பட்டினி போட்டவள் பிள்ளைக்கும் வந்திருக்கிறதே, அப்படியானால் என் பால் காரணமில்லையே என்று. ஐந்து மாசமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கி எடுத்த மாதிரி இருந்தது. அவள் அழுதுகொண்டு நிற்கிறாள், எனக்கு உள்ளுக்குள் மூச்சு நன்றாக வருகிறது. அடுத்த நிமிஷமே என்ன நினைத்தோம் என்று உறைத்தது. என் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் பிள்ளையின் கையைப் பார்த்து நிம்மதிப்பட்டவள் நான். அன்றிலிருந்து பூசையில் சாமியார் தருகிற நன்மை அப்பத்தை வாங்க நாக்கு நீட்டவில்லை.

அதைத் தாங்க முடியாமல்தான் புரட்டாசியில் தனியாகப் புதுக்கோட்டைக்குப் போய் டாக்டர் அமராவதி அம்மாளைப் பார்த்தேன். கூட்டம் இல்லை. நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மாள் முகம் கொஞ்சம் கறுத்தது, ஆனாலும் "உக்காருங்கம்மா" என்றார்கள். மேசை இழுப்பறையைத் திறந்து உன் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். "ஒங்க மக கோவத்துல எழுதியிருக்காங்க. கோவத்த நான் தப்புன்னு சொல்லல. ஐஸ் உருகலம்மா, நானே திருச்சிக்குப் போயி வாங்கிட்டு வந்தேன்" என்றார்கள். அவ்வளவுதான், நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொட்டகைக்குப் பின்னால் பால் கொடுத்ததிலிருந்து மூக்காயி கை வரைக்கும். திட்டுவார்கள் என்று தலையைக் குனிந்திருந்தேன். அந்த அம்மாள் உன் கடிதத்தை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார்கள். அப்புறம் சொன்னார்கள், "பால் குடுத்ததாலதான் ஒங்க பையனுக்குக் காலு போச்சுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. குடுக்காம இருந்திருந்தாத் தப்பிச்சிருப்பான்னும் சொல்ல முடியாது. பிள்ளை பெத்த மொத ரெண்டு மூணு நாள் வர்ற சீம்பால்ல மருந்தத் தடுக்குற சத்து நெறைய இருக்குங்கறாங்க. நாலு மாசப் பிள்ளைக்கு அந்த அளவு இருக்காதுன்னு இப்ப எழுதுறாங்க. நம்ம ஊருப் புள்ளைக வயித்துல ஏற்கனவே வேற கிருமிக இருந்து மருந்து ஏறாமப் பண்ணுதுன்னும் ஒரு பேச்சு இருக்கு. சீமையில ஏறுற மாதிரி இங்க ஒரு தடவையில ஏற மாட்டேங்குது. ஏன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியல. அதனாலதான் மூணு தடவ ஊத்தணும்னு சொன்னேன். அந்தப் பங்குனியில மருந்தே பாக்காத நாலு புள்ளைக கீரனூர்ப் பக்கம் இதே காய்ச்சல்ல விழுந்துச்சு, யாராச்சும் சொன்னாங்களா?" என்று. பிறகு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பொம்பளப் புள்ளைக்கு மிச்ச ரெண்டு தடவையும் ஊத்தியிருந்தா, சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன், ஆனா தப்பிச்சிருக்க வழி உண்டு" என்றார்கள்.

அதைக் கேட்டபோது எனக்குப் புரிந்தது. நான் பால் கொடுத்தது பிள்ளை மேல் வைத்த இரக்கம், அதனால் என்ன கெட்டது என்று டாக்டருக்கே தெரியவில்லை. நான் பொய் சொன்னதால் என்ன கெட்டது என்று எனக்கே தெரியும். ஐந்து மாசம் பாலை நினைத்து அழுதேன், பொய்யை நினைத்து ஒரு நாள்கூட அழவில்லை.

ஊருக்குத் திரும்பி முதலில் அப்பாவிடம் சொன்னேன். கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். "அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் ஊரெல்லாம் போயிக் கத்தியிருக்க மாட்டேன்ல" என்றார். எட்டு நாள் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டாரே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அவராகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாசலில் நின்று, தான் சொன்னது தப்பு, மருந்தில் கோளாறு இல்லை, பிள்ளை வைத்திருக்கிறவர்கள் போய் ஊற்றிக்கொள்ளுங்கள் என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. சொல்லிவிட்டு வரும்போது நொண்டி நொண்டித்தான் நடந்தார், முழங்கால் வலியா வேறு வலியா தெரியவில்லை. நான் வீடு வீடாகப் போனேன். சிலர் கேட்டார்கள், சிலர் "ஒம்புள்ள கெடக்குற கெடையப் பாத்துட்டுமா?" என்று கதவைச் சாத்தினார்கள். டாக்டரம்மா தன் பொறுப்பில் எழுதிப் போட்டு கார்த்திகையில் மறுபடி மருந்து வரவழைத்தார்கள். நம்மூரிலிருந்து ஏழு பேர் வந்தார்கள், மாசியில் வந்தது பதினோரு பேர். இந்தத் தடவை அந்த அம்மாள் எட்டு மணி நேரப் பேச்சை எடுக்கவில்லை, மருந்து ஊற்றுகிற சமயம் மட்டும் வாயில் பால் இல்லாமல் இருக்கட்டும், பிறகு பசித்தால் கொடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மூன்று தடவையும் வந்தாக வேண்டும் என்றார்கள். அது சரியா தப்பா என்று நீ உன் பெரிய டாக்டர்களைக் கேட்டு எழுது. பிள்ளைகள் அவ்வளவாக அழவில்லை, யாரும் மருந்தைத் துப்பவும் இல்லை.

இருளாயியிடம் சொல்லத்தான் எனக்குக் கால் வரவில்லை. தள்ளிப் போட்டுப் போட்டு, போன செவ்வாய்க்கிழமை போனேன். மூக்காயிக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு விளையாடுகிறது, யார் சொல்லிக் கொடுத்தார்களோ. உனக்கு எழுதின பொய்யையும், நீ போட்ட கடிதத்தையும், மருந்து நின்றதையும், இரண்டாம் தடவை ஊற்றியிருந்தால் ஒருவேளை கை நின்றிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். காலில் விழப் போனேன், விடவில்லை. கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துப் போயிருந்தேன். அதெல்லாம் செய்யவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பாலுக்கும் மருந்துக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு அந்தம்மாவுக்கே தெரியாதுங்குறீங்க. அப்ப அன்னைக்கு நா எம்புள்ளையக் கதறக் கதறப் பட்டினி போட்டது சும்மாவாக்கா?" என்றாள். மருந்து நின்றதைக் கேட்கவில்லை, என் பொய்யைக் கேட்கவில்லை. அதைத்தான் கேட்டாள். அவள் எழுந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் கடலைக் காட்டில் என் வரிசையில் நிற்பதில்லை. எதிரே வந்தால் ஒதுங்கிப் போகிறாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

தம்பியைப் பற்றிக் கேட்டிருந்தாய், எழுதாமலே இருந்தேன். பதினாலு மாசம் ஆகிறது, நிற்கவில்லை. இரண்டு கையையும் ஊன்றி வலது காலைத் தள்ளி இடது காலை இழுத்துக்கொண்டு வீடு முழுவதும் போகிறான். இடது கால் என் மணிக்கட்டுக் கனம்தான் இருக்கிறது. வாய் நிறையச் சிரிக்கிறான், "ம்மா" என்கிறான். நீ மே மாசம் லீவில் வரும்போது வேலூருக்குக் கூட்டிப்போய்க் காலுக்கு இரும்புப் பட்டை போட வழி பார்க்கலாம் என்று எழுதினாய், அப்படியே செய்வோம். அத்தோடு மூக்காயியையும் கூட்டிப்போக முடியுமா என்று பார். என் வார்த்தையை இருளாயி இப்போது கேட்கமாட்டாள், நீ அவள் பேருக்கு ஒரு கடிதம் எழுது, தபால்கார அண்ணனை வாசித்துக் காட்டச் சொல்கிறேன். டாக்டரம்மாவுக்கும் ஒன்று எழுதி மன்னிப்புக் கேள். எனக்காகக் கேட்க வேண்டாம், நான் கேட்டுவிட்டேன்.

நீ என் மேல் கோபப்படு, அது நியாயம். ஒன்று மட்டும் தாய் என்கிற உரிமையில் சொல்கிறேன். உன் வார்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்களிடம் பால் கொடுத்தாயா, தண்ணீர் கொடுத்தாயா என்று நீ கேட்பாய், கேட்கத்தான் வேண்டும். எழுத்துக்குக் கீழே கோடு போடுகிற மாதிரி கேட்காதே. பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை ரொம்ப அழுதானா, உன்னால் தாங்க முடிந்ததா என்று முதலில் கேள். அப்போது அவர்கள் உள்ளதைச் சொல்வார்கள். என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

வருகிற வெள்ளிக்கிழமை ஆவூர்க் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணுவதாக இருக்கிறேன். உனக்கு முதலில் சொல்லிவிட்டுத்தான் சாமியாரிடம் போக வேண்டும் என்று இருந்தது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, பச்சைத் தண்ணீரில் குளிக்காதே, கிறிஸ்துமஸுக்கு உனக்கு லீவு இல்லை என்று தெரியும், அங்கேயே பூசை பார்த்துவிடு. மாதா உனக்குத் துணை இருக்கட்டும், உன் கை தொடுகிற பிள்ளைகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். மனுவை அனுப்பிவிட்டாயா இல்லையா என்பதை மட்டும் ஒரு கார்டில் உடனே எழுது, மற்றதை மனசு ஆறின பிறகு எழுதலாம். எழுத மனசு வராவிட்டாலும் அந்த ஒரு வரியை எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
ச. அடைக்கலமேரி